ஏராளத்துக்கு எத்தனை ஆங்கிலம்!

விழாவுக்குத் தலைமையேற்று, எனக்கு முன்னால் பேசியவர்கள் அத்தனை பேரையும் புன்னகை குறையாமல் பொறுத்துக்கொண்ட மருத்துவமனைத் தலைமைச் செவிலியர் அம்மையார் அவர்களே! ஒரே சோபாவில் ஒட்டி உட்கார்ந்திருக்கும் இரு சம்பந்திப் பெருமக்களே! கடைத்தெருவின் கண்ணியமிக்க பெரியோர்களே! துணியைத் தொட்ட மாத்திரத்தில் தரம் சொல்லும் தாய்மார்களே! மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டு இப்போது மனம் நொந்துகொண்டிருக்கும் விழாக்குழுவினரே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கத்தை வாரி வழங்குகிறேன்.

இதே தெருவில், மாடியில், மாலைதோறும் ஆங்கிலம் கற்பிக்கிறவன் நான். "சார், ரொம்ப நிறைய, பலபல விதம்னு சொல்றதுக்கு இங்கிலீஷ்ல இருக்கிற வார்த்தைகளைப் பத்திப் பேசுங்க" என்று கட்டளையிட்டிருக்கிறார்கள். கடைத் திறப்பு விழாவில் இது என்ன தலைப்பு என்று புதிதாக வந்தவர்கள் முழிக்கிறீர்கள். தெருக்காரர்கள் இப்போதே சிரிக்கிறீர்கள்! சிரியுங்கள், சிரியுங்கள். உங்களுக்குத் தெரிந்த கதைதான்.

இங்கே அடுத்தடுத்து இரண்டு திரைச்சீலைக் கடைகள் இருந்தன. நடுவில் ஒரே ஒரு சுவர். இந்தக் கடைக்காரரின் மகனுக்கும் அந்தக் கடைக்காரரின் மகளுக்கும் கல்யாணம் ஆயிற்று. கல்யாணம் மனங்களை இணைக்கும் என்பார்கள். இணைத்தது, பிள்ளைகளின் மனங்களை! தகப்பன்மார்களோ, யார் கடை பெரிய கடை என்று தட்டில் நிறுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பையனின் அப்பா என் மாடிப்படி ஏறினார். "சார், எங்கிட்ட துணி நிறைய இருக்குன்னு பலகையில இங்கிலீஷ்ல போடணும்." 'ப்ளென்டி' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் பெண்ணின் அப்பா ஏறினார். "அதைவிடப் பெருசா ஒண்ணு குடுங்க சார்!" குறைவில்லாத மொழியல்லவா அது? குவியலாகக் கிடக்கிறதா, 'ஹீப்ஸ்'. சுமைசுமையாக இருக்கிறதா, 'லோட்ஸ்'. மலைக்க வைக்கிறதா, 'டன்ஸ்'. அளவு அலுத்ததும் வகைக்குத் தாவினார்கள். ஒருவருக்கு 'வைட் ரேஞ்ச்', மற்றவருக்கு 'எண்ட்லெஸ் வெரைட்டி'. இவருக்கு எண்ணவே முடியாத 'மிரியட்' என்றால் அவருக்கு 'ப்ளெதோரா'! "ஐயா, ப்ளெதோரா என்றால் தேவைக்கு மிஞ்சிக் கிடப்பது, அது அவ்வளவு நல்ல வார்த்தை இல்லை" என்று எச்சரித்தேன். "மிஞ்சினா என்ன சார், கெட்டா போயிடும்?" என்று வாங்கிக்கொண்டு போனார். அந்தப் பலகையை ஏற்றியவர் பின்வரிசையில் இருக்கிறார். ஏணியில் இருந்தபடியே, "இதை எப்படி சார் வாசிக்கிறது?" என்று கேட்டாரே, அவரேதான்!

பலகையில் சொன்னால் போதுமா? கடையில் காட்ட வேண்டாமா? மொத்த வியாபாரி துணியோடு வந்தால் இருவரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "அவரு எடுத்ததுல எனக்கும் பாதி வெட்டு!" அவர் மயில்நீலம் வாங்கினால் இவருக்கும் மயில்நீலம். இவர் மாதுளைச் சிவப்பு எடுத்தால் அவருக்கும் மாதுளைச் சிவப்பு. எந்த நிறமும் இங்கே இல்லாமல் இல்லை. எந்த நிறமும் இங்கே முழுதாகவும் இல்லை.

இத்தனை நிறங்களுக்கு நடுவில் நிறம் வெளுத்தது யார்? பிள்ளைகள்! ஒரு நாள் அந்தப் பெண் இரு வீட்டாரிடமும் சொல்லிவிட்டாள். "அவருக்கு வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. நாங்க போறோம். பாப்பாவை ஒரு தாத்தா தூக்கினா இன்னொரு தாத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. இவங்களுக்கு நடுவுல எங்களால நிக்க முடியல." பெட்டி கட்டியாகிவிட்டது. ஏராளம், எண்ணற்றது, எல்லையற்றது என்று எழுதிவைத்த இரண்டு கடைகளிலும், ஐயா, இருந்த ஒரே ஒரு பேத்தி போகப்போகிறாள்!

அந்த வாரத்தில்தான் நம் தலைவர் அம்மையார் கடையேறினார். "எனக்கு இந்த வெளிர்பச்சை ஒண்ணு போதும். எல்லா வார்டுக்கும் ஒரே மாதிரி வேணும். உடனே வேணும்" என்றார். பையனின் அப்பா பிரித்தார், பிரித்தார், பாதி வார்டுக்கு வந்ததும் துணி முடிந்துபோயிற்று. "அம்மா, வேற நிறம் பாருங்களேன், எவ்வளவு வகை இருக்கு!" "நோயாளிங்களுக்கு வகை எதுக்குங்க?" என்று அம்மையார் பக்கத்துக் கடைக்குப் போனார். அங்கேயும் அதே பச்சை, அதே பாதி. அம்மையார் பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

அப்போது மருமகள் பாப்பாவை இடுப்பில் வைத்தபடி இரண்டு கடைக்கும் நடுவே நின்று குரல் கொடுத்தாள். "மாமா, ஒரே தடவை சாயம் ஏத்தின துணி மாமா இது. ரெண்டு பேரும் ஆளுக்குப் பாதி வாங்கினதுதானே? சேர்த்தா ஒரு இழைகூட நிறம் மாறாது. அப்பாகிட்ட கேளுங்க!"

கேட்பதா? யார்? பையனைப் பெற்றவரா? வகுப்புக்குச் சுண்ணக்கட்டி வாங்கக் கிளம்பிய நான் வேடிக்கை பார்க்க நின்றுவிட்டேன். அவர் பேத்தியைப் பார்த்தார். கட்டிய பெட்டியை நினைத்தாரோ என்னவோ, தொண்டையைச் செருமினார். "சம்பந்தி... உங்ககிட்ட இருக்குமா?"

எதிரே நின்றவருக்கு எத்தனை சொல் தந்திருக்கிறேன் நான்! எதை எடுத்து வீசப்போகிறாரோ! அவர் சொன்னார்: "இருக்கு சம்பந்தி. வேணுங்கிற அளவு இருக்கு. உள்ள வந்து எடுத்துக்குங்க."

(கைதட்டுங்கள், தாராளமாகத் தட்டுங்கள்!)

தெருவில் இறங்கிய அம்மையார் திரும்பி வந்தார்; அன்றே ஒரே மேசையில் வெட்டு வேலை தொடங்கியது. ஒருவர் பிடிக்க, ஒருவர் வெட்ட, மகன் சுருட்ட, மகள் தைக்க, பச்சைக் குவியலில் பாப்பா தூங்கிப்போனாள். யாரோ வாசலில் சத்தம் போட்டதற்கு, "உஷ்!" என்று இரண்டு தாத்தாக்களும் ஒரே குரலில் அதட்டினார்கள். அதைக் கேட்ட அந்தப் பெண், கையிலிருந்த ஊசியை வைத்துவிட்டு மாமியாரிடம் சொன்னாள்: "அத்தை, அந்தப் பெட்டியப் பிரிச்சுத் துணியெல்லாம் அலமாரியில அடுக்கிடலாம்."

தோழர்களே! வகை வேண்டுமா? வைத்துக்கொள்ளுங்கள். அளவு வேண்டுமா? அள்ளிக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அடுத்த வீட்டுக்கு அளந்து கொடுக்க முடியாத ஏராளம் என்ன ஏராளம்? கேட்க ஒரு மனிதர் இல்லாத செல்வம் என்ன செல்வம்? கொடுக்கும்போதல்லவா குவியல் குவியலாகிறது! நான் விற்காத சொல்லை, எந்த அகராதியையும் புரட்டாமல், நடுத்தெருவில் நின்று சொன்னார் ஒரு தகப்பனார். "வேணுங்கிற அளவு இருக்கு." இதற்கு மேல் ஒரு பெரிய சொல்லை நான் எங்கே போய்த் தேடுவேன்?

சுவரை இடித்தாகிவிட்டது. கடை ஒன்றாகிவிட்டது. பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றியும் நிறைந்த வணக்கமும் சொல்லி, இந்தக் கடையைத் திறந்துவைக்குமாறு தலைவர் அம்மையாரை அழைக்கிறேன். நாடா வேண்டாம், துணியையே வெட்டட்டும். சம்பந்திகளே, எழுந்து வாருங்கள், ஆளுக்கொரு முனையைப் பிடியுங்கள். பாப்பாவை யார் தூக்கிக்கொள்வது என்று மட்டும் இங்கே சண்டை வேண்டாம். அவள் நாளைக்கும் இங்கேதான் இருப்பாள்!