கொல்லும் புரதம்

என் சேவல் ஒரு காலை முன்னும் மறு காலைப் பின்னும் நீட்டி உட்கார்ந்திருந்ததைப் படமெடுத்து, ‘யோகா செய்கிறார்’ என்று ஸ்டேட்டஸ் போட்ட மடையன் நான். மறுநாள் சங்கரன்கோவில் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மாவும், கால்நடை மருத்துவம் படிக்கும் மகளும் இருந்தார்கள். அம்மாவின் மடியில் கூடை. கூடைக்குள் அதே யோகாவில் ஒரு கோழி.

“புரதம் கொல்லுதா? முட்டையில புரதம் இருக்கு, தின்னுன்னு நீதானட்டி சொன்ன?”

“இது வைரஸோட புரதம்மா. அதோட ஜீன் ஒண்ணு இந்தப் புரதத்தச் செய்யுது. அது கோழியோட வெள்ளை அணுவ விடாமப் பெருக வச்சு கட்டியாக்கிருது. நரம்புல ஏறினா கால் இழுத்துக்கிடும்.”

“செத்துரும்னு சொல்ல இம்புட்டுப் படிப்பா! ஆஸ்பத்திரில ஊசி போட்டா எந்திரிக்காதா?”

“எந்திரிக்காது. நோய் வராம இருக்க, குஞ்சு பொரிச்ச அன்னைக்கே போடுத ஊசி அது.”

அம்மா கூடைக்குள் கையை விட்டுக் கோழியைத் தடவினார்.

“அடைக்கு வச்ச பன்னெண்டு முட்டையும் நாளைக்குப் பொரிச்சிரும்ட்டி.”

“அப்ப அதுகளுக்கு ஊசி கேளு.”

“கேக்கத்தான் போறேன். அதுகளாவது நடக்கட்டும்.”

எனக்குப் பொறுக்கவில்லை. கைப்பேசியை நீட்டி, “எங்க சேவலும் இப்படித்தான் இருக்கும்மா” என்றேன். அம்மா ஸ்டேட்டஸைப் படித்தார்.

“யோகா முடிஞ்சிட்டு அண்ணாச்சி, குழி வெட்டுங்க.”