ஸ்வேல் முத்திரை

நார்மன் வீட்டு டீ எப்போதும் தண்ணியாகத்தான் இருக்கும். ஸ்டேஷனில் நீங்கள் கொடுப்பது எவ்வளவோ மேல், மேடம். எழுதிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன்.

நானும் நார்மன் ஹாக்கும் முப்பது வருடமாக, தச்சர்கள் பலகை இழைக்கும் பழைய மர இழைப்புளிகள் சேர்ப்பவர்கள். ஷெஃபீல்டைச் சுற்றி எந்த வயலில் பழைய சாமான் சந்தை போட்டாலும், ஞாயிறு காலை அங்கே இருப்போம். இழைப்புளியின் முன்முகத்தில் செய்தவன் பெயர் குத்தியிருக்கும். மங்கியிருந்தால் சாக்பொடி தடவி, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படிப்போம். பதினெட்டு வருடம் முன்பு எனக்குக் கிடைத்த ஒன்றில் ஜே. ஸ்வேல் என்று இருந்தது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத பெயர்; யாருக்கும் தெரியாத ஒரு இழைப்புளிக்காரனைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பிறகு இன்னும் மூன்று கிடைத்தன.

நான் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவன். மனைவி விட்டுப் போய்விட்டாள். மகள் கிறிஸ்துமஸுக்குக்கூடப் பேசுவதில்லை. ஸ்வேலை எடுத்துவிட்டால் என்னிடம் ஒன்றுமே இல்லை. இழைப்புளி சேர்க்கும் எங்கள் சங்கம் போடும் புத்தகத்தில் அவனைப் பற்றி எட்டுப் பக்கம், கீழே கிளிஃபோர்ட் ஆக்டன் என்று என் பெயர். அடுத்த மாதம் அச்சுக்குப் போக இருந்தது.

செவ்வாய் மதியம் நார்மன் கூப்பிட்டான். அவன் வீட்டு நிலவறையில் ஐந்தாவது ஸ்வேல் இருந்தது. மேலே அப்பியிருந்த கறுப்பு பெயிண்டைச் சுரண்டியிருந்தான். ஸ்வேலின் பெயர் நான்கு இடத்தில் கோணல்மாணலாகக் குத்தியிருந்தது. அதற்கு அடியில், நட்டநடுவில், நேராக ஒரே ஒரு முறை, வேறொரு பெயர். செய்தவன் ஒருமுறைதான் குத்துவான். வேலை செய்யும் இடத்தில் அடுத்தவன் தூக்கிக்கொண்டு போகக் கூடாதென்று கண்ட இடத்திலும் குத்துகிறவன் சொந்தக்காரன். இதைக் குழப்பிக்கொள்வது கற்றுக்குட்டிகள் செய்யும் தப்பு.

“உன் ஆளு இதைச் செஞ்சவன் இல்லப்பா,” என்றான் நார்மன். “காசு குடுத்து வாங்கின தச்சன். பதினெட்டு வருஷமா அவனைப் போய்த் தலையில தூக்கி வச்சு ஆடியிருக்கோம்.”

சிரித்தான். அந்தக் கேலியில் விஷம் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மேல்தட்டில் இருந்த இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்க ஏணியில் ஏறினான். ஏணி வழுக்கியது. நான் தொடவில்லை. இடுப்பெலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னான். அவன் போன் மேலே சமையலறையில் இருந்தது. நான் முதலில் இழைப்புளியைக் கையில் எடுத்ததைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது.

“புத்தகத்துல ஒரு வரிகூட மாத்த வேணாம் கிளிஃப். நான் வாயே திறக்க மாட்டேன். போனை மட்டும் எடுப்பா.”

நம்பினேன். நார்மன் சொன்ன சொல் தவறியதில்லை. ஆனால் அவனுக்குத் தெரிந்துவிட்டதே. ஒவ்வொரு ஞாயிறும் அந்த முகத்தில் நான் எப்படி விழிப்பது?

மேலே வந்து நிலவறைக் கதவைப் பூட்டினேன். இழைப்புளி எண்ணெய் ஊறிய மரம், அவன் சமையலறை விறகடுப்பில் நன்றாகவே எரிந்தது. அலகு மட்டும் இரும்பு, எரியவில்லை. சாம்பலில் நீங்கள் எடுத்தது அதுதான்.

சற்று நேரத்தில் கீழே தண்ணீர்க் குழாயில் தட்ட ஆரம்பித்தான். ஓசையை வைத்தே எந்தச் சுத்தியல் என்று சொல்லிவிட்டேன். டாட்விக் கம்பெனியுடையது, மூன்றே வருடம் நடந்த கம்பெனி. அதை வைத்திருப்பதில் அவனுக்கு அவ்வளவு பெருமை.

விட்டு விட்டுப் புதன் மாலை வரை தட்டினான். நான் வீட்டுக்குப் போயிருக்கலாம், மனசு கேட்கவில்லை. அவன் தட்டும்போதெல்லாம் நானும் சமையலறைக் குழாயில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டினேன். உதவிக்கு ஆள் வந்துவிட்டதென்று நினைத்திருப்பான். கடைசிவரை நான் அவனைத் தனியாக விடவில்லை, மேடம்.