ரொசாராவின் பெயரை வெட்டியவர்

மேடையில் வீற்றிருக்கும் நகரத் தலைவர் அவர்களே, போதகர் அவர்களே, மலையடிவாரக் கிராமங்களிலிருந்து பேருந்து பிடித்து வந்திருக்கும் பெரியோர்களே, இருப்பதிலேயே பெரிய மலர்வளையத்தோடு வந்திருக்கும் பதிப்பக இயக்குநர் எமில் தொபியாஷ் அவர்களே! வணக்கம்.

பதிப்பாசிரியர் ஓதிலியா பென்கோவா போய்விட்டார். எனக்கு அழுகை வரவில்லை, நண்பர்களே. ஆத்திரம்தான் வருகிறது! அடக்கமாகப் பேசச் சொன்னார்கள். முயன்று பார்க்கிறேன்.

பதிப்பகத்தில் அவருக்கு எதிர் மேசையில் வேலை பார்த்தவன் நான். நம் ஸ்லோவாக்கிய ஊர்களில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் பள்ளி ஆசிரியர்கள் எழுதிக்கொடுத்த பழைய பாட்டுகளை யார் சீந்தினார்கள்? ஓதிலியா வீடு வீடாகத் தேடிப்போனார். பழைய எழுத்தைப் புதிய எழுத்தாக்கினார், புரியாத சொல்லுக்கு அடியில் பொருள் எழுதினார். பெயர்களை மட்டும் தொடமாட்டார். "எழுத்தை மாத்தலாம்ப்பா. ஆளை மாத்த நாம யாரு?" என்பார்.

சவ அடக்கத்தில் பாடும் பாட்டில் செத்தவரே பேசுவார். வீட்டார் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விடைபெறுவார். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பத்தில் பேச்சுவார்த்தையே நின்றுபோகும். உங்களுக்குத் தெரியாததா?

தெரிந்தும் தொபியாஷ் என்ன செய்தார்? ஓதிலியா மருத்துவமனையில் கிடந்த நேரம் பார்த்து, அச்சுக்குப் போன பாட்டுப் புத்தகத்தில் பெயர்களையெல்லாம் வெட்டினார்! "இத்தனை பேரு யாருக்கு வேணும்? இன்னைக்குப் படிக்கிறவன் கொட்டாவி விடுவான்" என்றார்.

புத்தகம் வந்ததும், பாட்டுத் தாள் ஒன்றைத் தந்திருந்த யுராய் ப்ளஹா புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, உடம்பு தேறி வேலைக்குத் திரும்பியிருந்த ஓதிலியாவைத் தேடி அலுவலகம் வந்தார்.

"ஏம்மா, எங்க ரொசாரா எங்க?"

"என்ன சொல்றீங்க பெரியவரே?"

"காலராவுல செத்த எங்க கொள்ளுப்பாட்டி, பிள்ளைங்களை ஒவ்வொண்ணா கூப்பிட்டு விடைசொல்ற பாட்டும்மா. கைக்குழந்தை ரொசாராவையும் கூப்பிடுவா. இதுல 'அன்புக் குழந்தைகளே'ன்னு மொத்தமா போட்டு முடிச்சிட்டீங்களே! பேரை விடமாட்டேன்னு சொல்லித்தானே தாளை வாங்கிட்டுப் போனீங்க?"

தேவாலயப் பதிவேடு எரிந்துபோன ஊர் அது. அந்தப் பாட்டைத் தவிர ரொசாரா பிறந்ததற்கு வேறு சாட்சி கிடையாது.

மறுநாளே ஓதிலியா வேலையை உதறினார். பென்சிலோடு கிளம்பினார். நூலகம் நூலகமாகப் போய், ஒவ்வொரு பிரதியிலும் ஓரத்தில் பெயர்களை எழுதிவைத்தார். இயக்குநர் சும்மா இருந்தாரா? புத்தகத்தைப் பாழாக்குகிறாள் என்று புகார் கொடுத்து, நூலக வாசலையே அவர் மிதிக்க முடியாமல் செய்தார்! அந்தத் தடையோடுதான் ஓதிலியா செத்தார். இப்போது மலர்வளையமா? யாரை ஏமாற்ற? மன்னிக்கமாட்டேன். இந்தப் படத்தின் முன் நின்று சொல்கிறேன், மன்னிக்கவே மாட்டேன்!

நண்பர்களே, வாசலில் ஒரு கூடை பென்சில் வைத்திருக்கிறேன். பக்கத்தில் பழைய தாள்களின் நகல் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர் ஒருவரைத் தடுத்தார்கள். நம் எல்லோரையும் தடுப்பார்களா? அவர் விட்ட பக்கத்திலிருந்து நாம் எழுதுவோம்!

இயக்குநர் அவர்களே, அதற்குள் எழுந்தால் எப்படி? உங்கள் அறைக் கண்ணாடி அலமாரியில் அதே புத்தகத்தின் தங்க விளிம்புப் பிரதி ஒன்று இருக்கிறதல்லவா? இன்று காலை உங்கள் செயலாளர்தான் திறந்துவிட்டார். ரொசாரா முதல் எல்லோரும் அதில் ஏறிவிட்டார்கள்.

மையால் எழுதினேன்.