அயர்லாந்து நோட்டுக்கு வைத்த பொட்டு

உப்பூரில் ஏறிய கணவனும் மனைவியும் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் தேவிபட்டினம் தாண்டும்போது கணவரின் குரல் உயர்ந்தது.

"நோட்டுல இருக்குற பொம்பளைக்கு எவளாவது குங்குமம் வைப்பாளாடி?"

அவர் கையில் பழைய அயர்லாந்துப் பண நோட்டு ஒன்று இருந்தது. அதில் முக்காடு போட்ட ஒரு பெண்ணின் படம். அவள் நெற்றியில் சிவப்பாக ஒரு பொட்டு.

"வெறும் நெத்தியா இருந்தா. வச்சேன்."

"தகட்டுல ஒவ்வொரு கோடா வெட்டி அடிச்ச நோட்டுடி இது. தடவுனா மை மேடா கையில தட்டும். இப்பக் குங்குமம் அதுக்குள்ள எறங்கிருச்சு. இத வாங்கிக்கிட்டு வேற பழைய நோட்டு தர்றேன்னு ராம்நாட்டுல காத்துக்கிட்டு இருக்கவன்ட்ட என்னத்தச் சொல்ல?"

அவர் நோட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"காகிதம் கூழா இருக்கும்போதே உள்ள, வெளிச்சத்துல மட்டும் தெரியுற மாதிரி ஒரு முகத்தப் பதிச்சிருக்கான். நல்லவேளை, அது தப்பிச்சுச்சு."

பிறகு பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து, படத்தின் நெற்றியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். வெகுநேரம் பார்த்தார்.

"என் நெத்தியில இருந்ததத்தான் வழிச்சு அவளுக்கு வச்சேன்," என்றார் அந்த அம்மா. "காலையில இருந்து வெறும் நெத்தியா ஒங்க பக்கத்துலதான் ஒக்காந்திருக்கேன். கண்ணுல பட்டுச்சா?"