ரெண்டாவது பிரேக்

செல்வாம்பாள்: டீச்சர்... கண்ண மூடிக்கிட்டா இருக்கீங்க?

பிரிஸ்கில்லா: இல்லக்கா... சிமிட்டுனேன்.

செல்வாம்பாள்: இவ்ளோ நேரமாவா?

பிரிஸ்கில்லா: நீங்க ரோட்டப் பாருங்க! முன்னாடி ஆட்டோ... கிளட்ச், கிளட்ச்!

செல்வாம்பாள்: போச்சு. ஆஃப் ஆயிடுச்சு. பெரிய மார்க்கெட் வாசல்லயா நிக்கணும்? மீன்காரம்மா எல்லாம் சிரிக்குது.

பிரிஸ்கில்லா: சிரிக்கட்டும். எல் போர்டு போட்டிருக்கோம்ல... மாதாவே, எதுக்குத்தான் இந்தப் பக்கம் வந்தோமோ!

செல்வாம்பாள்: நீங்கதான லெஃப்ட்டுன்னீங்க!

பிரிஸ்கில்லா: ரைட்டுன்னு நெனச்சேன்... வாய் லெஃப்ட்டுன்னுடுச்சு. சரி, நியூட்ரல் போட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. இப்ப ஃபர்ஸ்ட் கியரு... கிளட்ச மெதுவா விடுங்க... இன்னும் மெதுவா...

செல்வாம்பாள்: போவுது! டீச்சர், போவுது!

பிரிஸ்கில்லா: போகுதுக்கா! அப்டியே நேரா... குருசுக்குப்பம் பக்கம் போயிடலாம். அங்க கூட்டம் இருக்காது.

செல்வாம்பாள்: உங்க காலு ஏன் இப்பிடி ஆடுது?

பிரிஸ்கில்லா: எந்தக் காலு?

செல்வாம்பாள்: உங்க பக்கம் ஒரு பிரேக் இருக்குல்ல, அது மேல வெச்சிருக்கீங்களே, அந்தக் காலு. தையல் மிஷின் மாரி ஆடுது.

பிரிஸ்கில்லா: அது... ரெடியா வெச்சிருக்கேன்.

செல்வாம்பாள்: காலைல சாப்ட்டீங்களா?

பிரிஸ்கில்லா: எறங்கலக்கா. ஒன்னு சொல்லட்டா? டிரைவிங் ஸ்கூல் ஓனர்கிட்ட சொல்லிடாதீங்க... இன்னியோட நின்னுடலாம்னு இருக்கேன்.

செல்வாம்பாள்: ஓரமா நிறுத்தவா?

பிரிஸ்கில்லா: வண்டிய இல்ல! வேலைய விட்டு!

செல்வாம்பாள்: அய்யய்யோ... ஏன்?

பிரிஸ்கில்லா: நானே ஓட்டுனா நல்லா ஓட்டுவேன். இங்க பக்கத்து சீட்ல உக்காந்தா கண்ணு தானா மூடிக்குது. கூட வேலை பாக்குற மார்ட்டின் சார் கத்திக் கத்தியே சொல்லிக் குடுக்குறாரு, எல்லாரும் பாஸாகுறாங்க. எனக்குச் சத்தமே வரமாட்டுது. வீட்ல 'பிரேக்!'னு கத்திப் பழகுறேன்... பூனைதான் கட்டிலுக்கு அடியில ஓடுது.

செல்வாம்பாள்: சிரிக்க வெக்காத பாப்பா... ஸ்டியரிங் ஆடுது...

பிரிஸ்கில்லா: நீங்க சிரிச்சா எனக்கும்... அக்கா, சைக்கிள்!

செல்வாம்பாள்: நின்னுடுச்சு. நல்லவேள, டக்குனு பிரேக் போட்ட.

பிரிஸ்கில்லா: நானா? நான் போடலியே. சிரிச்சதுல கால எடுத்து மேல மடக்கிட்டேன், பாருங்க.

செல்வாம்பாள்: அப்ப... நானேவா?

பிரிஸ்கில்லா: நீங்களேதான்! வண்டி ஆஃப் கூட ஆகல! கிளட்சையும் சேத்து அமுக்கியிருக்கீங்க!

செல்வாம்பாள்: நீ சொல்லிக் குடுத்ததுதான! அந்த சைக்கிள்காரன் வேற கும்புடு போட்டுட்டுப் போறான் பாரு!

பிரிஸ்கில்லா: போடட்டும், போடட்டும்! நான் கத்தவே இல்லியேக்கா... சைக்கிள்னு மட்டும்தான சொன்னேன்...

செல்வாம்பாள்: கேட்டுச்சே எனக்கு. அது போதாதா? சரி... நாளைக்கு யாரு வருவா? நீயா, வேற ஆளா?

பிரிஸ்கில்லா: ஆறரைக்கு வந்துடுங்க. ரிவர்ஸ் எடுக்கலாம்.

செல்வாம்பாள்: அப்பாடா!

பிரிஸ்கில்லா: இன்னொன்னுக்கா... கோவிச்சிக்கக் கூடாது. நாலு வருஷமா சொல்லிக் குடுக்குறேன்னு சொன்னேன்ல, பொய். நீங்கதான் எனக்கு மொத ஸ்டூடண்டு.

செல்வாம்பாள்: தெரியும். நானும் ஒரு பொய் சொன்னேன். இதுக்கு முன்னாடி ஸ்டியரிங்கத் தொட்டதே இல்லன்னேன்ல? உங்க மார்ட்டின் சார்கிட்ட மூணு நாள் வந்தேன். அவரு போட்ட சத்தத்துல பாதி ரோட்ல எறங்கி, அழுதுக்கிட்டே பஸ் ஏறிப் போனவ நான். பயந்தவங்க கஷ்டம் தெரிஞ்ச ஆளு யாராச்சும் வேலைக்குச் சேந்தா சொல்லுங்கன்னு ஓனர்கிட்ட சொல்லி வெச்சிருந்தேன்... போன வாரம் நீ சேந்த அன்னிக்குத்தான் போன் பண்ணாரு.