மூன்று வருடக் காய்ச்சல்

ஓடுகிறோம். செருப்பு எங்கோ போய்விட்டது. மணல் சுடுகிறது. காலை பத்து இருபது. புவியியல் பாடம். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இது நாலாவது இடம். ஒரு புளியமரம், மேலே கட்டிய இரண்டு தறப்பாள். தெற்கே 'டும்' என்றது. வழக்கமாகப் பதினொன்று எண்ணினால் ஷெல் விழும். எண்ணினோம். ஒன்பதில் விழுந்தது.

"படுங்கோ! தலையைத் தூக்காதேங்கோ!"

ரீச்சர் கத்துகிறார். படுத்தோம். எழும்பி ஓடினோம். பதுங்குகுழி நாற்பது அடி தூரம். எல்லோரும் உள்ளே குதித்தோம். ரீச்சர் மட்டும் வாசலில் நின்றார். திரும்பினார். மரத்தடியில் வரவு இடாப்பு கிடக்கிறது. எண்பது வீதம் வரவு இல்லாத பிள்ளையைப் பரீட்சை எழுத விடமாட்டார்கள். ஷெல் அடித்தாலும் சட்டம் சட்டம்தான் என்பார். இடம்பெயரும்போதெல்லாம் அரிசிக்கு முதல் இடாப்பைத்தான் கட்டுவார்.

"இடாப்பை விடுங்கோ ரீச்சர்!"

இந்த முறை 'டும்' கேட்கவில்லை. கூவல் மட்டும். மிகக் கிட்ட. பிறகு ஒரு மணி நேரம் எனக்குக் காது கேட்கவில்லை. ரீச்சர் இல்லை. இடாப்பும் இல்லை. 2009, தை மாதம். புதன்கிழமை.

இப்போது கண்டி. மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடை. சுயவிபரக்கோவை அடிக்க வந்திருக்கிறேன். மருத்துவ ஆய்வுகூடம் ஒன்றில் வரவேற்பாளர் வேலை. தமிழும் சிங்களமும் தெரிய வேண்டும். தெரியும். வயதெல்லை முப்பத்தைந்து. எனக்கு இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. பத்து வருடம் புடவைக்கடையில் நின்று நின்று காலில் நரம்பு புடைத்துவிட்டது. இந்த வேலைக்கு உட்கார ஒரு கதிரை உண்டு. எனக்கு அந்தக் கதிரை வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

கணினியில் அடிப்பவள் பஸ்னா. அக்குறணைப் பெண். விரல் பறக்கிறது. சாதாரண தரம், 2006. உயர்தர வகுப்பு, 2007 முதல் 2008 வரை. உயர்தரப் பரீட்சை, தனிப்பட்ட பரீட்சார்த்தி, 2012. விரல் நின்றது.

"அக்கா, நடுவுல மூணு வருசம் சும்மா ஈக்குதே. என்னத்த போட?"

என்னத்தைப் போட? 2009 ஆகஸ்டில், யுத்தம் முடிந்து எங்களை அடைத்திருந்த முகாமுக்குள்ளேயே பரீட்சை நடந்தது. நான் எழுதவில்லை. காயம்பட்ட அம்மாவின் கால் அழுகிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலைவிட்டு நான் நகரவில்லை. பிறகு ஹேவாஹெட்டவுக்கு வந்தோம். அம்மா அங்கே தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். ஒரு கலவரத்துக்குப் பயந்து வடக்கே வன்னிக்குப் போன குடும்பம். அங்கே எங்களைத் தோட்டத்தார் என்றார்கள். இங்கே நான் வன்னிக்காரி. வந்த இடத்தில் மாமா வீட்டு அடுப்படியில் இரண்டு வருடம். புத்தகத்தைத் திறந்தால் எழுத்து ஓடியது.

உண்மையை முன்பு இரண்டு இடத்தில் எழுதிப் பார்த்தேன். 'யுத்தத்தினால் கல்வி தடைப்பட்டது.' முதல் இடத்தில் வாசித்தவர் பேனாவை மூடிவிட்டார். இரண்டாவது இடத்தில் இயக்கத்தில் இருந்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். இருந்தவர்களிடம் அரசாங்கம் கொடுத்த புனர்வாழ்வுக் கடிதம் இருக்கும், இருக்கவில்லை என்பதற்கு உங்களிடம் என்ன கடிதம் என்றார்கள். அப்படி ஒரு கடிதத்தை எந்தக் கந்தோரில் கொடுக்கிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். போய் வரிசையில் நிற்கிறேன்.

பஸ்னா என் முகத்தைப் பார்த்தாள். பாவம், நல்ல மனதோடுதான் சொன்னாள்.

"சுகமில்லாம ஈந்த எண்டு போடுவமா? ஆரும் ஒண்டும் கேக்க மாட்டாங்க."

போடுங்க என்றேன். 2009 முதல் 2011 வரை, சுகயீனம். அச்சில் பார்க்க மிக ஒழுங்காக இருந்தது.

செவ்வாய்க்கிழமை. நேர்முகப் பரீட்சை. ஒன்பது ஐந்து. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் ஒரு டொக்டர் அம்மா. அன்பான முகம். என் சிங்களத்தைப் பாராட்டினார். தாளைத் திருப்பினார். என்ன நோய் என்று கேட்டார். நோயாளிகள் வந்து போகிற இடம், கேட்காமல் விட முடியாது என்று மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். நான் மடைச்சி. இரத்தம் சோதிக்கிற இடத்துக்கு நோயை எழுதிக்கொண்டு போயிருக்கிறேன். எந்த நோய் என்று யோசிக்கவே இல்லை.

நெருப்புக்காய்ச்சல் என்றேன்.

மூன்று வருடமா என்றார். ஓம் என்றேன். கிளினிக் கொப்பி இருக்கிறதா என்றார். இடது பக்கத்தில் இருந்தவர் சிரிப்பை அடக்கினார். இனி மறைக்க ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். புளியமரம். ஒன்பதில் விழுந்தது. ரீச்சர் திரும்பிப் போனது. அம்மாவின் கால். பன்னிரண்டு நிமிடம். சுவர் மணிக்கூடு என் எதிரே இருந்தது. டொக்டர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெல்லச் சிங்களத்தில் சொன்னார்.

"மகள், இதை முதலே எழுதியிருந்தால் வேலை உங்களுக்குத்தான். இங்கே தாளில் ஒரு சொல் பொய்யென்றாலும் ஒரு ஆளின் உயிர் போகும். இப்போது நான் எப்படித் தருவது?"

அவர் சொன்னது சரி. அதுதான் தாங்கவில்லை. மற்ற இரண்டு இடத்திலிருந்தும் படியிறங்கும்போது வாய்க்கு வந்தபடி திட்டினேன். இங்கே திட்ட ஆளில்லை. பேராதனை வீதியோரம் நின்றேன். மூன்று பஸ் போயிற்று. எதிலும் ஏறவில்லை. கையில் அந்தத் தாள். இனி அதில் உண்மையைப் போட்டாலும் பயம், பொய்யைப் போட்டாலும் பயம். வெறுமையாக விட்டாலும் கேட்பார்கள்.

ஆகவே இங்கே எழுதுகிறேன். இதில் நிரப்பக் கட்டம் இல்லை. இழந்தவை இவை. வீடு ஒன்று. சைக்கிள் இரண்டு. அம்மாவின் வலது கால், முழங்காலுக்குக் கீழே. அப்பா. புவியியல் ரீச்சர். ஆறு இடத்தில் நடந்து கடைசியில் நின்றுபோன ஒரு பள்ளிக்கூடம். வேலை மூன்று. வகுப்பில் நாங்கள் பத்தொன்பது பேர். என்னோடு சேர்த்து உயிரோடு இருப்பது ஏழு. நாங்களே புதைத்தது ஐந்து. மிச்சம் ஏழு பேர் எங்கே என்று தெரியாது. அவர்களின் தாய்மார் இன்னமும் படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள்.