நூலுக்குள் ஓடிய சிவப்பு

யாரேலி: மெதுவா, எவரார்தோ! ஊசி குத்தினா இந்தக் கூழ் நூல் கிழிஞ்சுடும்.

எவரார்தோ: கிழிச்சா என்னைக் கொன்னுடு. ஆராய்ச்சிக் கட்டுரையில முதல் பேர் உனக்கே வந்துடும்.

யாரேலி: அதைத்தானே நீ பறிக்கப் பாக்கற!

எவரார்தோ: நானா?

யாரேலி: பின்னே? ஒரு மாசமா இந்த நூல் வார்க்கற சில்லைச் செய்யற ரூமுக்குள்ள என்னை விடமாட்டேங்கற. வாசல்லயே மறிக்கற.

எவரார்தோ: அந்தக் கெமிக்கல் நாத்தம் உனக்கெதுக்குன்னுதான்...

யாரேலி: நாலு வருஷமா அந்த நாத்தத்துலதான் கெடந்தேன்!

எவரார்தோ: அம்மா தாயே, சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். சிவப்புத் தண்ணியை விடு.

யாரேலி: பயமா இருக்குடா. இதுவும் அடைச்சுக்கிட்டா பேராசிரியை இந்த வேலையையே மூடிடுவாங்க.

எவரார்தோ: அடைக்காது. போன தடவை நடுவுல ஓடற தண்ணிக்கு வேகம் பத்தலை. அதான் சுத்தி ஓடின கடல்பாசிக் கூழ் உள்ள சரிஞ்சு, சூப்புல ஊறின சேமியா மாதிரி ஆயிடுச்சு. இந்தத் தடவை ரெண்டு ஓட்டமும் கலக்காம ஓடிச்சு. நீதானே பார்த்தே?

யாரேலி: கூழ் இறுகி, நடுவுல இருந்தது கழுவிப்போய், முடி நுழையற மாதிரி ஒரு ஓட்டை... பார்த்தேன். சரி, விடறேன்.

எவரார்தோ: போகுது... போகுது...

யாரேலி: நின்னுடுச்சு.

எவரார்தோ: காத்துக் குமிழிதான். லேசாத் தட்டு.

யாரேலி: குவாதலூப்பே மாதாவே...

எவரார்தோ: வந்துடுச்சு! அந்த முனையில சொட்டுது பார்!

யாரேலி: இரு, மைக்ராஸ்கோப்புல பாக்கறேன். உள்ள விட்ட செல் உயிரோட இருந்தா பச்சையா மின்னணும்... டேய், உள்சுவர் பூரா பச்சைடா! ரத்தக்குழாய்டா இது!

எவரார்தோ: ஏய், குதிக்காதே!

யாரேலி: ஏன், தரை இடிஞ்சுடுமா?

எவரார்தோ: இல்ல... சும்மா சொன்னேன்.

யாரேலி: இந்த செல்லெல்லாம் யாரோ ஒரு கொழந்தையோட தொப்புள்கொடியிலேருந்து எடுத்ததுதானே? அந்தம்மா யாருன்னு தெரிஞ்சா நம்ம மோன்தெர்ரே ஊர்லயே நல்ல ஆட்டுக்குட்டி ரோஸ்ட் வாங்கித் தருவேன்.

எவரார்தோ: அந்த செல்லு இதோட தீர்ந்துபோச்சு. ஆஸ்பத்திரியில வேற கொடி கேக்கணும்.

யாரேலி: கேளு. ஆனா... ஏப்ரல்ல கேக்கவேண்டியிருக்காது.

எவரார்தோ: ஏன்?

யாரேலி: அப்ப ஒண்ணு வரும். என்னோடது... முழிக்காதே! சொன்னா வேலையை விட்டு ஒதுக்கிடுவீங்கன்னு பயந்து யார்கிட்டயும் மூச்சுவிடலை.

எவரார்தோ: உன் புருஷன் போன மாசமே எங்கிட்ட உளறிட்டான்! அவன் சொன்னது உனக்குத் தெரியக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டான். வாசல்ல மறிக்காம நான் வேற என்னடி பண்றது?